கரி படிந்த வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டோம். எரிந்தது சிம்னியும் ஓர் அலமாரியும்தான், 25,000 ரூபாய்கூடப் பெறாது. ஆனால் 900 சதுர அடி வீடு முழுக்கக் கறுப்பு. சுத்தம் செய்ய ஒரு நிறுவனம் 1,30,000 கேட்கிறது. அடுக்குமா இது?
— இல்லத்தரசி, வேளச்சேரி

பதில்: எரிந்த பொருளின் விலையோடு ஒப்பிட்டால் மனசு ஆறாது. தீ உங்கள் அடுப்படியோடு நின்றது, புகை நிற்கவில்லை. சூடான புகை மேலே போய், கூரையைத் தடவி, குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். அதனால்தான் தீ எட்டிக்கூடப் பார்க்காத படுக்கையறையில் ஜன்னல் கண்ணாடியும் வெளிச்சுவரும் பீரோவின் உட்புறமும் கறுத்துக் கிடக்கின்றன. காலண்டரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சுவரின் பழைய நிறம் ஒரு கட்டமாகத் தெரியும். அதற்கும் சுற்றியுள்ள நிறத்துக்கும் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் காசு கேட்கிறார்கள்.

கேட்ட தொகை நியாயமா என்பதை டேப் வைத்துத் தெரிந்துகொள்ளலாம். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் தரை 120 சதுர அடிதான். சுவர்கள் 440, கூரை 120, ஆக 560. கதவு, ஜன்னல், டைல்ஸ் இடங்களைக் கழித்து வீடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் சுவரும் கூரையும் தரைப்பரப்பைப் போல மூன்று, மூன்றரை மடங்கு வரும். உங்கள் வீட்டுக்குச் சுமார் 2,900 சதுர அடி. 1,30,000-ஐ அதால் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 45 ரூபாய். கரி எடுப்பது, கழுவுவது, பிரைமர், இரண்டு கோட் பெயின்ட், குப்பை அகற்றுவது எல்லாம் சேர்த்து என்றால் உட்கார்ந்து பேசலாம். துடைப்பதற்கு மட்டும் என்றால் இன்னும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். கொட்டேஷனில் ஒவ்வொரு வேலைக்கும் தனித் தொகை எழுதச் சொல்லுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா என்றும் எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரே வரியில் வந்த கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: பூஜை அறை விளக்கிலிருந்து எலி திரியை இழுத்துப் போய், புத்தக அலமாரி எரிந்தது. அன்று இரவே பக்கெட்டில் தண்ணீர் வைத்து ஈரத்துணியால் சுவரைத் துடைத்தோம். இப்போது முன்பைவிட மோசமாக இருக்கிறதே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: காகிதமும் மரமும் எரிந்த கரி உலர்ந்த பொடி. தண்ணீர் பட்டதும் மையாகிச் சுவருக்குள் இறங்கிவிட்டது. நீங்கள் கை வைக்காத சுவர்கள் மிச்சமிருந்தால் அவற்றையாவது காப்பாற்றுங்கள். ரப்பரில் செய்த உலர் பஞ்சு கிடைக்கிறது, கெமிக்கல் ஸ்பான்ஜ் என்று கேளுங்கள். தண்ணீரே படாமல், கூரையிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்து வர வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சு கறுத்தால் அந்தப் பக்கத்தைக் கத்தியால் சீவிவிட்டு அடுத்த பக்கம். மூலைகளில் ஒட்டடை மாதிரி கறுப்பு இழைகள் தொங்கும். அவை சிலந்தி கட்டியவை இல்லை, கரித்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டவை. துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். வாக்குவம் கிளீனர் முனையை மெல்லக் காட்டி இழுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக இருந்தால். சாதாரண வாக்குவம் முன்னால் இழுத்து, நுண்கரியைப் பின்னால் ஊதிவிடும்.

சமையல் எண்ணெய், பிளாஸ்டிக், ரப்பர் எரிந்த கரி வேறு ஜாதி. விரல் வைத்தால் பிசுபிசுக்கும். பஞ்சால் எடுத்தது போக மிச்சத்துக்கு வெந்நீரில் சலவை சோடாவோ நல்ல டிடர்ஜென்டோ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் சலவை சோடா படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுத்துப் போகும். அவசரத்தில் பிளீச்சையும் டாய்லெட் ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், புகையில் தப்பித்தவர்கள் அதில் விழுந்துவிடக் கூடாது.

கேள்வி: “கழுவறதெல்லாம் வீண் செலவு, ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிடும்” என்கிறார் எங்கள் பெயின்டர். நாற்பதாயிரத்தில் முடித்துத் தருகிறாராம்.
— வங்கி ஊழியர், திருச்சி

பதில்: மறையும். சில வாரமோ சில மாதமோ கழித்துப் பழுப்பாகத் திரும்பி வரும், வாசனையோடு. கரியின் மேல் அடித்த பெயின்டுக்குப் பிடிப்பு சுவரோடு இல்லை, கரியோடுதான். தண்ணீரில் கரைத்து அடிக்கிற எமல்ஷன், கரியிலுள்ள எண்ணெய்ப் பசையைத் தன்னோடு மேலே இழுத்து வந்துவிடும். அந்த நாற்பதாயிரத்தை நீங்கள் இரண்டாவது முறையும் கொடுக்க நேரும்.

முதலில் கரி எடுக்க வேண்டும். பிறகு கறையைப் பூட்டி வைக்கிற பிரைமர் ஒரு கோட். ஷெல்லாக், அதாவது அரக்குச் சேர்ந்தது அல்லது சால்வென்ட் வகை. அதன் பிறகு என்ன பெயின்ட் வேண்டுமானாலும் அடிக்கலாம். பெயின்டரிடம் பிரைமர் டப்பாவைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். வழக்கமான தண்ணீர் பிரைமர் இந்த வேலைக்கு ஆகாது.

எல்லாச் சுவருக்கும் ஒரே செலவு கிடையாது. கழுவக்கூடிய நல்ல எமல்ஷன் அடித்த சுவர், லேசான கரி என்றால், சுத்தம் செய்தாலே தேறிவிடலாம், பெயின்டே வேண்டியிருக்காது. வெள்ளையடித்த சுவரும் டிஸ்டெம்பர் சுவரும் கழுவினால் கரைந்து ஒழுகும். அங்கே கழுவக் கூலி கொடுப்பது வீண். பொடிக்கரியை எடுத்துவிட்டுச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடிப்பதே மலிவு. உங்கள் வீட்டில் எந்த அறையில் என்ன பூச்சு என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அந்த ஒரு காகிதம் பெரிய தொகையை மிச்சப்படுத்தும்.

தீ எரிந்த அறையின் கூரையை மட்டும் தனியாகப் பாருங்கள். பூச்சு பெயர்ந்து, உள்ளே கான்கிரீட் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது 300 டிகிரிக்கு மேல் சூடு கண்டிருக்கலாம். பெயின்டரை அனுப்பிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்.

கேள்வி: நாற்றம் போக தினமும் சாம்பிராணி போடுகிறோம். போதுமா?
— வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். புகையின் மேல் புகைதான் சேர்கிறது. வீடு முழுக்கச் சுத்தமான பிறகு சாமிக்குப் போடுங்கள்.

கேள்வி: ஓசோன் மெஷினை ஒரு நாள் ஓடவிட்டால் வாசனை முழுக்கப் போய்விடும், கழுவவே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார்.
— ஐ.டி. ஊழியர், கோவை

பதில்: ஓசோன் கரியை எடுக்காது. கரி இருக்கும்வரை வாசனை உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும், முக்கியமாக மழைக்காலத்தில். கரி எடுத்து, திரைச்சீலை, மெத்தை எல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சுகிற வாசனைக்குத் தெரிந்தவர் கையால் ஓசோன் பயன்படுத்தலாம். ஓடும்போது மனிதர், நாய், பூனை, கிளி, தொட்டிச்செடி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அது நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. முடிந்த பின் ஜன்னல்களைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இவ்வளவும் சொல்லாமல் மெஷினை மட்டும் விற்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: டி.வி. தீ பிடித்த ஹாலில்தான் இருந்தது, ஆனால் எரியவில்லை. போட்டுப் பார்த்து, ஓடினால் வைத்துக்கொள்ளலாமா?
— கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: போட்டுப் பார்க்காதீர்கள். வயர் உறை, பைப், பொம்மை என்று வீட்டில் பல பொருள்கள் பி.வி.சி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். ஈரக்காற்றில் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். சென்னைக் காற்றுக்கு ஈரம் சொல்லியா தர வேண்டும்! சர்க்யூட் போர்டில் படிந்த கரி மின்சாரத்தையும் கடத்தும், செம்பையும் அரிக்கும். இன்று ஓடுகிற டி.வி. இரண்டு மாதத்தில் நிற்பது அதனால்தான். டெக்னீஷியன் திறந்து சுத்தம் செய்த பிறகே பிளக்கில் சொருகுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஃபேனும் ஏசியும் இன்னும் ஆபத்து. போட்ட நொடியில் கரியை வீடெங்கும் தூவிவிடும். ஏசியின் காயிலையும் ப்ளோயரையும் கழற்றிக் கழுவ வேண்டும். வீட்டு வயரிங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மெகர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவி வைத்துச் சோதிக்காமல் மெயினைப் போடாதீர்கள். ஸ்விட்ச் போர்டுகளின் உள்ளே கரி போயிருக்கும்.

கேள்வி: கல்யாணப் பட்டு உட்பட பதினோரு பட்டுப்புடவைகள். பீரோ எரியவில்லை. ஆனால் திறந்தாலே புகை நாற்றம். லாண்டரியில் போட்டு இஸ்திரி செய்தால் சரியாகுமா?
— வாசகி, காஞ்சிபுரம்

பதில்: இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம். சூடு பட்டால் கரியும் வாசனையும் இழைக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம்.

பீரோவிலிருந்து எடுக்கும்போதே மடிப்புக் கலையாமல், இரண்டு கையாலும் தட்டுபோல ஏந்தி எடுங்கள். மேல் மடிப்பில்தான் கரி இருக்கும். உதறினால் உள்மடிப்புக்கும் போய்விடும். நிழலில், காற்று வருகிற இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வையுங்கள். துணிப்பையிலோ பழைய வேட்டியிலோ சுற்றி வைத்திருந்த புடவைகள் பெரும்பாலும் தப்பித்திருக்கும், கரியைச் சுற்றிய துணியே வாங்கிக்கொண்டிருக்கும். சாவித்துவாரத்துக்கும் கதவு இடுக்குக்கும் நேராக இருந்தவை பாவம். டிரை கிளீனரிடம் “புகை பட்டது” என்று சொல்லியே கொடுங்கள். சொல்லாவிட்டால் மற்ற துணிகளோடு சேர்த்துப் போட்டு, கடைசியில் பிரஸ் செய்துவிடுவார். ஜரிகையில் வெள்ளி இருந்தால் நாளைத் தள்ளாதீர்கள், புகையின் அமிலம் அதைக் கறுக்கவைக்கும். எதைக் காப்பாற்றுவது என்று பட்டியல் போடும்போது முதலில் கல்யாணப் புடவையை எழுதுங்கள். விலை அதிகமான புடவை இரண்டாவதாக இருக்கட்டும்.

கேள்வி: அரிசி, பருப்பு, ஊறுகாய்?
— வாசகர், ஈரோடு

பதில்: பாக்கெட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் இருந்தவை, ஃப்ரிட்ஜுக்குள் இருந்தவை, மருந்து மாத்திரைகள் எல்லாம் குப்பைக்கு. ஊறுகாய் ஜாடியும்தான், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரங்கள் சோப்புப் போட்டுத் தேய்த்தால் புதிதாகிவிடும். நான்-ஸ்டிக் வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கடன் கொடுத்தபோது பேங்கிலேயே இன்ஷூரன்ஸ் பிடித்தார்கள். புகைக்கும் அதில் பணம் வருமா?
— அரசு ஊழியர், சேலம்

பதில்: முதலில் பாலிசியைக் கையில் எடுத்து, அது எதன் மீது என்று பாருங்கள். பல வீடுகளில் இருப்பது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கிற பாலிசி. தீக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டின் மீதே எடுத்ததாக இருந்தாலும், கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே இருக்கிற சாமானுக்கும் சேர்த்தா என்பது அடுத்த கேள்வி.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. உங்களுடையது அதுவானால் நிம்மதி. தீயால் வந்த புகைச்சேதமும், தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீரால் வந்த சேதமும் தீச்சேதக் கணக்கில்தான் வரும். கட்டடத்துக்கு 30 லட்சம் எடுத்திருந்தால், தனியாகப் பட்டியல் கொடுக்காமலே அதில் 20 சதவீதம், அதாவது 6 லட்சம் வரை வீட்டுச் சாமானுக்கும் காப்பு உண்டு. இதன் உச்சவரம்பு 10 லட்சம். குப்பை அகற்றும் செலவு க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை, இன்ஜினியர் கட்டணம் 5 சதவீதம் வரை. வீட்டின் முழு மதிப்புக்குக் குறைவாகக் காப்பீடு செய்திருந்தீர்கள் என்று சொல்லி விகிதாசாரமாக வெட்டுவது பழைய பாலிசிகளில் சகஜம். இதில் அந்த வெட்டு இல்லை.

ரொக்கப் பணத்துக்குக் காப்பு கிடையாது. நகைக்குத் தனியாகச் சேர்த்திருந்தால்தான். ஷார்ட் சர்க்யூட்டால் ஏசி தானே எரிந்தால் அந்த ஏசிக்குக் கிடைக்காது, அதிலிருந்து பரவிய தீயால் கெட்ட மற்ற எல்லாவற்றுக்கும் கிடைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் “ஷார்ட் சர்க்யூட்டா, அப்போ வராது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு க்ளெய்மே போடாமல் விடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: இன்ஷூரன்ஸ் சர்வேயர் வரும்வரை எதையும் தொடக் கூடாதாமே? நாற்றம் தாங்கவில்லை. எரிந்ததை வெளியே போடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: போட்டோ எடுக்காமல் போடாதீர்கள். அறை அறையாக, கதவுப்பக்கம் நின்று நான்கு சுவரும் கூரையும் வருகிற மாதிரி வீடியோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாக, கம்பெனிப் பெயரும் மாடலும் தெரிகிற மாதிரி படம். அழுகக்கூடிய உணவைத் தவிர மற்றதை மொட்டை மாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.

சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. தரையில் தேங்கிய தண்ணீரை அள்ளுவது, உடைந்த ஜன்னலை மூடுவது, பொடிக்கரியை எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். அதற்கு ஆன செலவின் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, க்ளெய்ம் எண் வாங்கி, க்ளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுங்கள். 2024 ஜூனில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். போனில் பேசும்போது இந்த நாட்கணக்கைச் சொல்லிப் பேசுங்கள். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தீ கீழ்வீட்டில். கறுத்தது எங்கள் வீடு. யார் பணம் தருவார்?
— அடுக்குமாடிக் குடியிருப்பாளர், அண்ணாநகர்

பதில்: உங்களிடம் வீட்டுப் பாலிசி இருந்தால் உங்கள் நிறுவனம் தரும். தீ எங்கே தொடங்கியது என்பது உங்கள் க்ளெய்மைத் தடுக்காது. அசோசியேஷன் எடுத்த பாலிசி இருந்தால் அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும்தான், உங்கள் சோபாவுக்கு வராது. எந்தப் பாலிசியும் இல்லையென்றால், கீழ்வீட்டுக்காரரின் கவனக்குறைவை நிரூபித்து வழக்குப் போட வேண்டும். வருஷக்கணக்கில் போகும், படியில் எதிர்ப்படும் முகத்தோடு பகையும் வளரும். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து, ஒரே ஆளிடம் இரண்டு வீட்டு வேலையையும் கொடுத்தால் கூலி குறையும். அதை முதலில் பேசிப் பாருங்கள்.

கேள்வி: வாடகை வீடு. தீ எங்களால் இல்லை, பழைய வயரிங். ஓனர் அட்வான்ஸிலிருந்து பெயின்ட் செலவைப் பிடிப்பேன் என்கிறார்.
— கூரியர் ஊழியர், அம்பத்தூர்

பதில்: பிடிக்க முடியாது. உங்கள் தவறால் வராத தீக்கு நீங்கள் பொறுப்பில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாடகைதாரரின் தவறில்லாமல் தீயால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தாலோ, நிரந்தரமாகக் குடியிருக்க லாயக்கற்றுப் போனாலோ, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. வயரிங்தான் காரணம் என்று தீயணைப்பு அறிக்கையில் இருந்தால் அதன் நகலை ஓனரிடம் கொடுங்கள். உங்கள் சாமான்களுக்கு அவர் பாலிசி உதவாது. வாடகைதாரர் சாமானுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம், இனிமேலாவது எடுங்கள்.

கேள்வி: சிலிண்டர் கசிந்து தீ. இன்ஷூரன்ஸே எடுத்ததில்லை. எல்லாம் எங்கள் தலையிலா?
— தையல் தொழிலாளி, திருப்பூர்

பதில்: இல்லை அம்மா. நீங்கள் பதிவு பெற்ற வாடிக்கையாளர் என்றால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கிற காப்பீடு உங்களுக்கும் உண்டு, நீங்கள் ஒரு பைசா கட்டியிருக்க வேண்டியதில்லை. விபத்துக்கு எரிவாயுவே மூலகாரணமாக இருந்து, அது பதிவு செய்த முகவரியில் நடந்திருந்தால், பொருட்சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. காயம் பட்டவர்களின் மருத்துவச் செலவுக்குத் தலைக்கு 2 லட்சம் வரை. உயிரிழப்புக்கு 6 லட்சம். ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நிறுவனத்துக்கும் காப்பீட்டாளருக்கும் தெரிவிப்பது அவர்கள் வேலை. ரெகுலேட்டரையும் டியூபையும் தூக்கி எறியாதீர்கள், ஆய்வுக்கு வேண்டும். கசிவு என்று சந்தேகம் வந்தாலே அழைக்க வேண்டிய எண் 1906.

கேள்வி: பீரோவில் இருந்த 500 ரூபாய்க் கட்டு கருகிவிட்டது. பத்திரமும் போய்விட்டது.
— மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: கட்டைப் பிரிக்காதீர்கள், எண்ணிப் பார்க்காதீர்கள். கருகிய நோட்டு தொட்டால் உதிரும். அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து அப்படியே எடுத்துப் போங்கள். மிகவும் கருகியதைச் சாதாரண வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னையில். 500 ரூபாய் நோட்டில் ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை என்றால் பாதி. பத்திரத்துக்குப் பயப்படாதீர்கள். பதிவான எதற்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. சுவர் கழுவியாயிற்று, பெயின்ட் பாக்கி. வீட்டுக்குப் போகலாமா?
— வாசகர், பாண்டிச்சேரி

பதில்: இப்போது வேண்டாம். கரித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது, புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்களும் அதில் ஒட்டியிருக்கும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கும். மெத்தை, தலையணை, துணிப் பொம்மை மூன்றையும் மாற்றி, தரையை இரண்டு மூன்று முறை கழுவி, பெயின்ட் காய்ந்து நெடி போன பிறகு அழைத்து வாருங்கள். சுத்தம் செய்கிற பெரியவர்களும் என்-95 முகக்கவசம் இல்லாமல் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே தங்கும் வாடகை உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள், வீட்டுப் பாலிசியில் அதற்கும் இடம் உண்டு.

கேள்வி: சுத்தம் செய்த செலவு 96,000. சர்வேயர் 30,000 மட்டும் போட்டிருக்கிறார். “சுவர் எரியலையே” என்கிறார். ஏற்றுக்கொள்வதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏற்காதீர்கள். முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன் என்கிற ரசீதில் கையெழுத்தும் போடாதீர்கள். அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள், எந்தச் செலவை எந்தக் காரணத்தால் வெட்டினார் என்று அதில் இருக்கும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். கழுவுவதற்கு முன், கழுவிய பின் படங்கள், அறைவாரியான அளவு, வேலைவாரியான பில் மூன்றையும் இணையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். ஆம்புட்ஸ்மன் என்பார்கள், சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான விவகாரங்களை விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதற்குள் அனுப்பிவிடுங்கள்.